சோதனை ஓட்டத்துக்குப் போன சிவப்புக் கார் திரும்பாதது குறித்து

பெயர்: குன் லிண்ட்மார்க். வயது: எழுபத்து நான்கு. கணவர்: ரூனே லிண்ட்மார்க். தொழில்: நகரப் பேருந்து ஓட்டுநர், பணி ஓய்வு. முகவரி: ஆற்றங்கரைத் தெரு, ஸ்டோர்நெஸ், வெஸ்டர்போட்டன் மாவட்டம். எழுதிக்கொள்பவர்: காவல் அலுவலர் தில்டா ப்ரூன்.

பழைய கார் வியாபாரி கோனி ஏக் என்பவர் கொடுத்த புகாரின்பேரில் நான் விசாரிக்கப்படுவதாகவும், விருப்பமில்லாவிட்டால் பேசாமல் இருக்கலாம் என்றும் எனக்குச் சொல்லப்பட்டது. பேசாமல் இருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. ஆகவே சொல்கிறேன். நடுவில் நிறுத்தாமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

காரை எடுத்துச் சென்றது நீங்கள்தானா என்று அலுவலர் கேட்டபோது நான் மூச்சைச் சுருக்கென்று உள்ளே இழுத்தேன். உடனே அவர் பதறி எழுந்து தண்ணீர் கொண்டுவந்தார். அவர் தெற்கே ஸ்கோனே பக்கத்துப் பெண். எங்கள் வடக்கில் அப்படி மூச்சை இழுத்தால் 'ஆமாம்' என்று அர்த்தம், நெஞ்சுவலி இல்லை என்று விளக்கினேன். தண்ணீரையும் குடித்தேன்.

மேற்படி கார் வோல்வோ, சிவப்பு, பின்பக்கம் நீண்டது. அதை நானும் என் கணவரும் முப்பது வருடத்துக்கு முன் இதே கடையில்தான் வாங்கினோம். அப்போது கடையைக் கோனியின் அப்பா நடத்திக்கொண்டிருந்தார். நாங்கள் பார்க்கப் போனது ஒரு நீலக் காரை. நல்ல கார், குறைவாக ஓடியது, நான் பேருந்து ஓட்டுகிறவள், எனக்குத் தெரியும். ஆனால் ரூனே வாசலிலேயே நின்றுவிட்டார். சிவப்புக் காரின் நம்பர் பலகையில் குன் 274 என்று இருந்தது. எங்கள் எழுத்தில் என் பெயர் மூன்றே எழுத்து, நம்பர் பலகையில் வரும் எழுத்தும் மூன்று.

"உன் பேர எழுதி வச்சு நிக்குது பாரு. இத விட்டுட்டுப் போனா வீட்ல எனக்குச் சோறு கிடைக்குமா?" என்றார்.

"உள்ள நாய் நாத்தம் அடிக்குதுய்யா. ஹீட்டர் வேற வேலை செய்யல" என்றேன்.

"நீ மட்டும் என்ன, கோபம் வந்தாதான சூடாகுற" என்றார். கோனியின் அப்பா சிரித்த சிரிப்பில் பேரம் முடிந்துவிட்டது.

எங்கள் நாட்டில் கார் எத்தனை கை மாறினாலும் நம்பர் மாறாது. பழைய இரும்புக்கு உடைக்கிற இடம் போகும்வரை அதே பலகைதான். ஆகவே அன்று முதல் எங்கள் வீட்டில் இரண்டு குன். "குன்னுக்கு எண்ணெய் மாத்தணும்", "குன் காலைல இருமுறா", "குன் இந்தக் குளிருக்குக் கிளம்ப மாட்டா" என்று அவர் பேசுவதைக் கேட்டு அக்கம்பக்கத்தில் எல்லோரும் என்னைக் கிண்டல் செய்தார்கள். இறங்கும்போதெல்லாம் கூரையில் இரண்டு தட்டு தட்டுவார். என்னை என்றைக்காவது அப்படித் தட்டிக்கொடுத்ததுண்டா என்று கேட்பேன். "உன்னத் தட்டுனா நீ கடிப்ப" என்பார்.

அதன் பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு தெருக்கள், பிறகு ஆட்கள். டாக்டர் ஓட்டுநர் உரிமத்தை ரத்து செய்தார். அதன் பிறகும் குளிரில் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டு இல்லாத சாவியைத் தேடுவார். ஒருநாள் கை விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த வாரமே கடற்கரைப் பக்கத்து ஆள் ஒருவருக்குக் காரை விற்றுவிட்டேன். அதன் பிறகு அவரையும் நகராட்சி முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று.

அங்கே அவர் எப்போதும் ஜன்னலோரம் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். "குன் வந்தாச்சா?" என்று எல்லோரிடமும் கேட்பார். இல்லத்துச் செவிலி, எப்பா என்ற பெண், அதைச் சொல்லிச் சொல்லி உருகுவாள். நான் தினமும் ஃபிளாஸ்க்கில் காபி எடுத்துக்கொண்டு போவேன். "நான்தான் ரூனே, குன் வந்திருக்கேன்" என்பேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, மிகுந்த மரியாதையாக, "மன்னிக்கணும், நீங்க இல்ல" என்பார். காபியை வாங்கிக் குடித்துவிட்டு நன்றி சொல்வார். நாற்பத்தாறு வருடம் என்னோடு வாழ்ந்தவர் எனக்கு நன்றி சொல்வது எப்படி இருக்கும் என்று அலுவலருக்குப் புரியாது, கல்யாணம் ஆகாத பெண். ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து நன்றாக அழுதுவிட்டு, மறுநாள் திரும்பவும் போய் அதே வார்த்தையைச் சொன்னேன்.

நேற்றுக் காலை, எங்கள் பக்கம் காபியில் போட்டுச் சாப்பிடும் பாலாடைக்கட்டி வாங்க, காலால் உந்தும் சறுக்குவண்டியில் கடைக்குப் போனேன். ஏப்ரலிலும் எங்கள் தெருவில் பனி இறுகிக் கிடந்தது. வாங்கியதையும் ஃபிளாஸ்க்கையும் பையில் வைத்துக்கொண்டு இல்லத்துக்குப் போகும் வழியில், கோனியின் கடையைத் தாண்டும்போது விளம்பரக் கொடிக்குக் கீழே குன் 274 நின்றுகொண்டிருந்தது. கழுவித் துடைத்து வைத்திருந்தான்.

சறுக்குவண்டியை அப்படியே நிறுத்தினேன். முதலில் சந்தோஷம்தான் வந்தது. அடுத்த நொடி வேறொன்று தோன்றியது. அடப்பாவி மனுஷா, இத்தனை நாளாக ஜன்னலில் உட்கார்ந்து நீ கேட்டது இந்தக் காரையா? 'நீங்க இல்ல' என்று நீ சொன்னது மெய்தானா? நான் பைத்தியக்காரி மாதிரி தினமும் நான்தான் நான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேனா? எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று இருந்தது. அவர் கேட்பது காரை என்றால் இனிமேல் அந்த வார்த்தையைச் சொல்வதை விட்டுவிடலாம், வெறுமனே காபி கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். வேறு தீய நோக்கம் எதுவும் எனக்கு இல்லை.

அதன் பிறகு கடைக்குள் போனேன். கோனி என் பேருந்தில் பள்ளிக்கூடம் போனவன்.

"அடேயப்பா, குன்! என்ன, உங்க பேர்லயே ஒண்ணு வந்திருக்கேன்னு பாக்க வந்தீங்களா?"

"ஓட்டிப் பாக்கணும். சாவியக் குடு."

"இது பழசுங்க. உங்க வயசுக்கு கியரே இல்லாத வண்டி ஒண்ணு இருக்கு, சும்மா உக்காந்தா போதும்."

"சும்மா உக்கார எனக்கு வீட்ல சோஃபா இருக்கு. நீ ஒண்ணாங்கிளாஸ்ல என் பஸ்ல வாந்தி எடுத்தப்ப கியர் போட்டது யாருன்னு நினைக்கிற?"

அவன் சாவியைக் கொடுத்தான். அரை மணியில் வந்துவிட வேண்டும், ஊரைத் தாண்டக் கூடாது, ஸ்டாக்ஹோமிலிருந்து ஒருவர் சனிக்கிழமை பார்க்க வருகிறார் என்றான். நான் என் உரிமத்தை அடமானமாக வைத்தேன். மாதா கோவிலைச் சுற்றிவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். அது பொய். அதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

அதன் பிறகு இல்லத்துக்கு ஓட்டிச் சென்று, ரூனேயின் ஜன்னலுக்கு நேர் கீழே, நம்பர் பலகை தெரியும்படி நிறுத்தினேன். அவர் எழுந்தார். கைத்தாங்கல் இல்லாமல் நடக்காதவர், கம்பளிச் சட்டையும் வீட்டுச் செருப்புமாகத் தானாக வாசலுக்கு வந்துவிட்டார். நான் கதவைத் திறந்துகொண்டு நின்றேன். என்னைப் பார்க்கவே இல்லை. கூரையில் இரண்டு தட்டு தட்டினார்.

சரி, தெரிந்துவிட்டது, கார்தான் என்று நினைத்தேன். ஒரு தகர டப்பாவிடம் தோற்றுப்போய் அங்கே நின்றேன்.

அவர் ஓட்டுநர் இருக்கைக்குப் போகவில்லை. சுற்றிவந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"கிளம்புங்கம்மா. நல்லவேளை கார் வந்துச்சு. குன்னப் போய்க் கூட்டிட்டு வரணும்" என்றார்.

"யார?" என்றேன்.

"என் பெண்டாட்டி. டெப்போ வாசல்ல குளிர்ல நிப்பா. கார் இல்லாம நான் எப்படிப் போறது? எத்தனை பேர்கிட்ட சொல்லிப் பாத்தேன், ஒருத்தருக்கும் புரியல."

நான் ஓட்டிய காலமெல்லாம் கடைசி நடை முடிந்து வண்டியை விட்டதும் அவர் டெப்போ வாசலில் காரோடு வந்து நிற்பார். ஒருநாள்கூடத் தவறியதில்லை. அதைத்தான் அவர் ஜன்னலில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குக் கியர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இல்லத்தில் சொல்லாமல் கிளம்பியது தவறுதான். அந்த நேரத்தில் எப்பா மட்டுமல்ல, இந்த உலகத்தில் யாருமே எனக்கு நினைவில்லை.

போகும் வழியில் அவர் பேசிக்கொண்டே வந்தார். அவளுக்குக் கோபம் அதிகம் என்றார். கை எப்போதும் ஜில்லென்று இருக்கும், ஏறியதும் என் கழுத்துக்குப் பின்னால் கொண்டுவந்து வைப்பாள், உயிர் போய்விடும் என்றார்.

"அப்ப ஏன் கட்டிக்கிட்டீங்க அவள?" என்று கேட்டேன்.

"வேற யாராவது கட்டிக்கிட்டா நான் என்ன பண்றது?" என்றார்.

"நல்லவளா?" என்று கேட்டேன். அவர் மூச்சைச் சுருக்கென்று உள்ளே இழுத்தார்.

பழைய டெப்போ இப்போது டயர் கிடங்கு. வாசலில் நிறுத்தினேன். அவர் கண்ணாடி வழியே வெளியே தேடினார். முகம் வாட ஆரம்பித்தது. அதன் பிறகு நான் செய்ததற்கு என்ன காரணம் என்று அலுவலர் கேட்கிறார். காரணம் இல்லை, தோன்றியது, செய்தேன். "இதோ வந்துடறேன்" என்று சொல்லி இறங்கி, கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போய், முன்பு ஓட்டுநர்கள் வெளியே வரும் பக்கவாசல் வழியாக, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பழைய நடையில் வந்தேன்.

அவர் கதவைத் திறந்து இறங்கினார்.

"எங்கடி போன? எவ்வளவு நேரமா நிக்கிறேன்!"

"பஸ் லேட்டு" என்றேன்.

"ஏறு ஏறு. நாம பின்னால உக்காரலாம். ஒரு அம்மா ஓட்டிட்டு வந்திருக்காங்க. நல்ல மனுஷி, ஆனா கிளட்ச் மேலயே கால வச்சு ஓட்டுறாங்க, அப்படியே உன்ன மாதிரி."

இருவரும் பின்சீட்டில் ஏறினோம். என் கோட்டை அவர் காலில் போர்த்தினேன். கையைக் கொண்டுபோய் அவர் கழுத்துக்குப் பின்னால் வைத்தேன். "ஐயோ, பனிக்கட்டி!" என்று கத்தினார். ஃபிளாஸ்க்கைத் திறந்து, வாங்கிய பாலாடைக்கட்டியைக் காபியில் போட்டுக் கொடுத்தேன். கரண்டியால் துழாவி எடுத்து எனக்குப் பாதி கொடுத்தார்.

அரை மணியில் ஏன் காரைத் திருப்பித் தரவில்லை என்பதுதான் என்மீதுள்ள கேள்வி. அதற்கு என் பதில் இது. காரைத் திருப்ப வேண்டுமென்றால் நான் முன்சீட்டுக்குப் போக வேண்டும். முன்சீட்டில் உட்கார்ந்தால் நான் அந்த அம்மா ஆகிவிடுவேன். பின்சீட்டில் நான் குன். "அந்த அம்மா வரட்டும், போலாம்" என்று அவர் சொன்னார். "வரட்டும்" என்று நானும் சொன்னேன். பையில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. கோனி என்று தெரியும். எடுக்கவில்லை. வெயில் ஒரு ஜன்னலிலிருந்து மறு ஜன்னலுக்கு வரும்வரை இருவரும் வராத ஒரு பெண்ணுக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். நான் இதுவரை யாருக்காகவும் இவ்வளவு சந்தோஷமாகக் காத்திருந்ததில்லை.

அதன் பிறகு காவலர்களும் கோனியும் வந்தார்கள். கோனி முகம் சிவந்து, திட்ட வாயெடுத்துக்கொண்டுதான் குனிந்தான். அதற்குள் ரூனே, "வாப்பா. அந்த அம்மாவுக்குப் பதிலா உன்ன அனுப்புனாங்களா? என் பெண்டாட்டி வந்துட்டா, வீட்டுக்குப் போலாம்" என்றார். கோனி என்னைப் பார்த்தான். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு முன்சீட்டில் ஏறி, "போலாங்கய்யா" என்றான். இல்லம் வரை மெதுவாக ஓட்டினான். வாசலில் ஓடிவந்த எப்பாவிடம் ரூனே என்னைக் காட்டி, "இவதான் குன். நான் சொன்னேன்ல" என்றார்.

இன்று காலை இங்கே வருவதற்கு முன் இல்லத்துக்குப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான்தான் குன் என்றேன். "மன்னிக்கணும், நீங்க இல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைத் தேற்றுவது போல, "ஆனா நேத்து அவ வந்திருந்தா" என்றார்.

வேறு ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்கப்பட்டது. விரும்புகிறேன். மேற்படி காரை நான் வாங்கிக்கொள்கிறேன். ஸ்டாக்ஹோம்காரருக்கு வேறு கார் கிடைக்கும், அவருக்கு இந்த மூன்று எழுத்தால் ஒரு பயனும் இல்லை. என் உரிமம் இன்னும் கோனியிடம்தான் இருக்கிறது. அதை அவனே வைத்துக்கொள்ளட்டும், எனக்கு இனி ஓட்ட வேண்டிய தேவை இல்லை. ஓட்டுவதற்கு ஓர் ஆள் மட்டும் வேண்டும், கிளட்ச்சின் மேல் கால் வைக்காத ஆளாக. கோனியிடம் இதைக் கேட்டுவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான். புகாரைப் பற்றிக் கேட்டதற்கும் அதையேதான் சொன்னான்.

எழுதியதை அலுவலர் எனக்கு வாசித்துக் காட்டினார். எதையும் கூட்டாமல் குறைக்காமல் நடந்தபடியே சொன்னீர்களா என்று கேட்டதற்கு நான் மூச்சை உள்ளே இழுத்தேன். இந்த முறை அவர் தண்ணீருக்கு எழவில்லை. ஆமாம் என்று எழுதிக்கொண்டார்.

ஒப்பம்: குன்
(ஆள், கார் அல்ல)