பத்து மணி நேரக் கொண்டை

தலை குளித்த அன்றே கொண்டை போடக் கூடாது, மேடம். நீங்கள் இன்று காலை குளித்துவிட்டு ஈரம் காய்வதற்குள் சுருட்டிக் குத்தியிருக்கிறீர்கள். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் இப்போதே சரிந்துகொண்டிருக்கிறது. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பத்தில் ஒன்பது பெண்கள் இந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். செய்துவிட்டு, தங்கள் முடியில் கொண்டையே நிற்காது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

சின்னவள் எப்படிச் செத்தாள் என்றுதானே கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். அவள் தலை குளித்ததில்தான் எல்லாமே ஆரம்பித்தது. வாக்குமூலம் எழுதுகிற கான்ஸ்டபிள் எதையும் சுருக்காமல் எழுதட்டும். முன்னால் சொன்னதை நான் மாற்றிச் சொல்லப்போகிறேன். இதுதான் சரியானது.

சின்னவள் என்றால் என் ஓரகத்தி, என் கொழுந்தனின் மனைவி. ஒரே வீடு. நாங்கள் கீழே, அவர்கள் மாடியில். அவள் கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. தலைமுடியைத் தவிர அவளிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. பால் பொங்கி வழிந்தாலும் சிரிப்பாள், வாளி உருண்டு மாடிப்படியெல்லாம் தண்ணீர் ஆனாலும் சிரிப்பாள். ஆனால் அந்த முடி இடுப்பைத் தாண்டித் தொங்கும். மெலிசும் இல்லை, முரடும் இல்லை, வளைத்தால் வளைந்து, வைத்த இடத்தில் நிற்கும். இருபது வருஷத் தொழிலில் அப்படிப்பட்ட முடியை நான் இரண்டே தலைகளில் பார்த்திருக்கிறேன். அதைக் கடவுள் ஒரு மண்டுவிடம் கொடுத்து வைத்திருந்தார். அவள் அதில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு, துணி உலர்த்தும் கொடியில் சிக்கவைத்துக்கொண்டு, "அக்கா, எடுத்து விடுங்களேன்" என்று கத்துவாள்.

நான் முன் அறையில்தான் தொழில் செய்கிறேன். கல்யாணப் பெண்கள், மேடையில் ஆடுகிற பெண்கள், விமானத்தில் வேலைக்குப் போகிற பெண்கள் என்று எல்லோரும் வருவார்கள். தெருவில் எனக்குக் கொண்டைக்காரி என்று பேர். முகத்துக்கு நேராக அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் கொண்டைக்காரி. என் வீட்டுக்காரருக்கு நான் செய்வது தொழில் என்றே இன்றுவரை தெரியாது. பொழுதுபோகாமல் நாலு பேர் தலையை நோண்டுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரைக் கேட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை, நீங்கள் நேற்று மூன்று மணி நேரம் கேட்டது வீண்.

அழகுக்கலைச் சங்கம் வருஷத்துக்கு ஒரு போட்டி வைக்கிறது. அதில் ஒரு பிரிவு, வீட்டிலேயே கையால் போட்ட கொண்டை. சூடு காட்டும் கருவி எதுவும் கூடாது. காலை எட்டு மணிக்கு, போட்டு முடித்த தலையோடு மண்டபத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு நடுவர்கள் வருவார்கள். அந்தப் பத்து மணி நேரமும் கொண்டையை யாரும் தொடக் கூடாது. மூன்று வருஷமாகக் கடைத்தெருவில் பெரிய பார்லர் வைத்திருப்பவள்தான் ஜெயித்துக்கொண்டிருந்தாள். அவள் போடுவது கொண்டையே இல்லை, ஸ்ப்ரேயைக் கொட்டி இறுகவைத்த ஒரு கட்டி. போன வருஷம் நான் இரண்டாவதாக வந்தபோது, அத்தனை பேர் முன்னாலும் என் தோளைத் தட்டி, "வீட்ல கத்துக்கிட்டது வீட்டோட இருக்கட்டும்மா" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கே சின்னவளின் தலையை மனதில் குறித்துக்கொண்டேன்.

கேட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் மாடலா அக்கா" என்று மூன்று முறை கேட்டாள். இரண்டு மாதம் பழக்கினேன். அசையாமல் உட்காரப் பழக்கினேன், சாயாமல் தூங்கப் பழக்கினேன். முதல் நாள் தலை குளி, போட்டி அன்று குளிக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். குளித்து ஒரு நாள் ஆன முடிதான் கொண்டை ஊசியைப் பிடிக்கும். அன்றைக்கே அலசிய முடி நழுவவிட்டுவிடும். குழந்தைக்குச் சொல்வதுபோல நாலு தடவை சொன்னேன்.

போட்டி அன்று காலை ஐந்தரைக்கு இறங்கி வந்தாள். முடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"என்னடி இது?"

"கண்டிஷனர் போட்டு அலசிட்டேன் அக்கா. நாள் முழுக்க எல்லாரும் கிட்ட வந்து பாப்பாங்கல்ல, வாசனையா இருக்கட்டுமேன்னு."

கண்ணாடிக்கு முன்னால் ஸ்டூலில் உட்காரவைத்தேன். கண்ணாடி குளியலறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்டூல் பின்னால் சாய்ந்தது, அவள் விழுந்தாள், பின் தலை குளியலறை வாசற்படியின் கல் விளிம்பில் இடித்தது. இவ்வளவுதான் நடந்தது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போதும் இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது.

ஒரு நிமிஷம் கண்ணை மூடியே கிடந்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். "ஏற்கெனவே ஒரு கொண்டை முளைச்சிடுச்சு அக்கா. நீங்க கஷ்டப்பட வேணாம்." அந்த நிலையிலும் அவளுக்கு விளையாட்டு. ரத்தம் அதிகம் இல்லை. பஞ்சை வைத்து அழுத்தினேன், கால் மணியில் நின்றுவிட்டது. மாடியில் அவள் புருஷன் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பவா என்று நான் கேட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். "வேணாம் அக்கா. அவருக்குத் தெரிஞ்சா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிடுவாரு. நீங்க ஜெயிக்கணும்" என்றாள். அவளே சொன்னாள். யாரும் அவள் வாயைப் பிடித்துச் சொல்லவைக்கவில்லை.

ஃபேனைப் போட்டு முடியை உலர்த்தினேன். வழுக்கலை எடுக்க வேர்வரை பவுடர் தூவித் தட்டினேன். காதிலிருந்து காதுவரை வகிடு எடுத்து முன் முடியைத் தனியாகக் கட்டிவைத்தேன். மீதியை இறுக்கிக் குதிரைவாலாகக் கட்டி, மூன்றாகப் பிரித்து, உட்பக்கம் மட்டும் சீப்பால் எதிராக வாரிப் புசுபுசுவென்று ஆக்கி, ஒவ்வொன்றாகச் சுற்றினேன். நாற்பத்தேழு ஊசிகள். ஊசியை நேராகக் குத்துவது தெரியாதவர்களின் வேலை. முதலில் வெளிப்பக்கமாக நுழைத்து, கொஞ்சம் முடியைக் கவ்வியதும் திருப்பி, உள்பக்கமாகத் தள்ள வேண்டும். வழக்கமாக உயரத்துக்கு அடியில் பஞ்சுத் திண்டு ஒன்று வைப்பேன். அன்றைக்குத் தேவைப்படவில்லை. வீக்கமே அந்த உயரத்தைக் கொடுத்தது. ஊசி அங்கே போகும்போதெல்லாம் அவள் ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், சத்தம் போடவில்லை.

ஏழரைக்கு முடிந்தது. மேடம், நான் பெருமை பேசுகிறவள் இல்லை. ஆனால் அப்படி ஒரு கொண்டையை நானே அதற்கு முன்னால் போட்டதில்லை.

மண்டபத்தில் இருபத்திரண்டு நாற்காலிகள். எங்களுக்குப் பதினான்காவது. பத்து மணிவரை எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு தலைவலி என்றாள். பதினொன்றரைக்கு வாந்தி எடுத்தாள். தலையைப் பிடித்தால் பக்கத்து முடி கலையும் என்பதால் தாடையைப் பிடித்துக்கொண்டேன். பார்லர்க்காரி தூரத்திலிருந்து பார்த்து, "விசேஷமா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவள் புத்தி அவ்வளவுதான் போகும்.

ஒரு மணிக்கு முதல் தடவை கேட்டாள். "அக்கா, டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாமா?" ஆறு மணிக்கு அப்புறம் போகலாம் என்றேன். மூன்று மணிக்கு மறுபடியும் கேட்டாள். அதே பதிலைச் சொன்னேன். நாலரைக்குக் கேட்டபோது வார்த்தை குழறியது. "என்னை அவர்கிட்ட விட்டுடுங்க அக்கா" என்றாள். இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் என்று கடிகாரத்தைக் காட்டினேன். கடிகாரம் இருந்த பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

அந்த மண்டபத்தில் பெரிய பெரிய ஆட்கள் இருந்தார்கள். முடி, தோல், நகம் என்று பட்டம் வாங்கியவர்கள் எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். குனிந்து கொண்டையைப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், ஒருத்தருக்கும் முகம் கண்ணில் படவில்லை. தரை துடைக்கிற அம்மா ஒருத்திதான் துடைப்பத்தை ஊன்றி நின்று, "இந்தப் பொண்ணு ஒரு கண்ணு பெருசாவும் ஒரு கண்ணு சின்னதாவும் இருக்கே, என்னன்னு பாரும்மா" என்றாள். ராத்திரி தூங்கவில்லை, அதனால்தான் என்றேன். அவள் போகாமல் நின்றாள். உன் வேலையைப் பார் என்றேன். போய்விட்டாள். நீங்கள் சாட்சி தேடுவதாக இருந்தால் அந்த அம்மாவைத் தேடுங்கள், மற்றவர்கள் பிரயோஜனப்பட மாட்டார்கள்.

ஆறு மணிக்கு நடுவர்கள் வந்தார்கள். தலைமை நடுவர் என்று ஒரு அம்மாள். "இத்தனை நேரம் என்ன பொறுமையா உக்காந்திருக்கு பாருங்க" என்று சின்னவளை மற்ற மாடல்களுக்குக் காட்டினார். கொண்டையின் உயரத்தைத் தனியாகப் பாராட்டினார். கடைசிப் பரீட்சை என்று ஒன்று உண்டு. மாடல் தலையை இடமும் வலமும் மூன்று முறை வேகமாக ஆட்ட வேண்டும், எந்த முடியும் நழுவக் கூடாது. சின்னவளை ஆட்டச் சொன்னார்கள். அவள் ஆட்டவில்லை. கூச்சப்படுகிறாள் என்று சொல்லிவிட்டு, நானே முன்னால் குனிந்து, தாடையைக் கையில் பிடித்து ஆட்டினேன். மூன்று முறை. நன்றாகவே ஆட்டினேன்.

ஒரு முடிகூட நகரவில்லை. கை தட்டினார்கள். பார்லர்க்காரியும் தட்டினாள், தட்டாமல் என்ன செய்வாள்.

இரண்டு பெண்கள் பிடித்துக் காரில் ஏற்றிவிட்டார்கள், களைப்பு என்றுதான் நினைத்தார்கள். ஆஸ்பத்திரி வழியில்தான் இருக்கிறது. ஆறு மணிக்கு அப்புறம் என்று சொன்னவள் நான்தான். ஆனால் காலையில் அடிபட்டதை மாலையில் கொண்டுபோனால் என்ன கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா. வீட்டுக்கு வந்தேன். ஆண்கள் இரண்டு பேரும் வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. அவளைக் குளியலறையில் படுக்கவைத்தேன். அதே வாசற்படி, அதே விளிம்பு. இடத்தை நான் மாற்றவில்லை, நேரத்தை மட்டும்தான் மாற்றினேன். அப்போது மூச்சு இருந்தது. டாக்டர் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை, எனக்கே தெரியும்.

பத்து நிமிஷம் நின்றுகொண்டிருந்தேன். இந்தப் பத்து நிமிஷத்தைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். விழுந்தவள் என்றால் கொண்டை கலைந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா. முடியைத் தவிர வேறு எதைத் தெரியும் எனக்கு. நாலு ஊசியை உருவி, ஒரு பக்கத்தை இழுத்துவிட்டால் போதும், நான் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். இரண்டு தடவை குனிந்தேன். இரண்டு தடவையும் கை வரவில்லை. அப்படிப்பட்ட வேலையைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை, மேடம். கொழுந்தனின் பைக் சத்தம் கேட்ட பிறகுதான் ஊரைக் கூட்டினேன். அவன் "அண்ணி, என்னாச்சு அண்ணி" என்று கேட்டுக்கொண்டே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். என்னை ஒரு வார்த்தை சந்தேகப்படவில்லை. நல்ல பையன்தான், விவரம் போதாது.

விழுந்த தலையில் ஓர் ஊசிகூட எப்படி இடம் மாறவில்லை என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். இந்த மூன்று நாளில் உருப்படியாகக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். அதற்காகத்தான் சொல்கிறேன்.

ஸ்டூல் தானாகச் சாயவில்லை. ஈர முடி என் கையில் இருந்தது. இரண்டு மாத உழைப்பை வாசனைக்காக அலசிக் கொட்டிவிட்டு வந்து சிரிக்கிறாள். நான் முடியைத்தான் இழுத்தேன், பின்பக்கமாக, என் பலம் முழுவதையும் கொடுத்து. தலையும் கூடவே வந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டூல் வழுக்கிடுச்சு அக்கா என்று என்னிடமே சொன்னாள், எனக்குத் தெரியாததுபோல. மூன்று தடவை கேட்டபோது கூட்டிப்போயிருந்தால் பிழைத்திருப்பாள் என்கிறார்கள். பிழைத்திருப்பாள். தெரிந்துதான் கூட்டிப்போகவில்லை. அவளைக் கொன்றது நான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் கூடவே எழுதிக்கொள்ளுங்கள். பிரேதப் பரிசோதனையில் அந்தக் கொண்டையை அவர்கள் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்களாம். என்னைக் கூப்பிட்டிருந்தால் வைத்த வரிசையிலேயே நாற்பத்தேழையும் எடுத்துக் கொடுத்திருப்பேன், ஓர் இழை அறுந்திருக்காது. எல்லாம் படித்தவர்கள், ஆனால் ஈவு இரக்கம் கிடையாது. அப்படி இழுத்து வெட்டினால் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு வலிக்கும் என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை.