காக்காக் கால் முத்திரை

இல்லம்மா, டார்ச்ச இன்னும் கிட்டக்கப் பிடிங்க. வெளிய வெயில் அடிச்சா என்ன, எஞ்சினுக்கு அடியில இருட்டுதானே. ம். நினைச்சேன். இது போலி.

உடனே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க. முப்பத்தோரு வருஷமா இந்தப் பழைய பைக் சங்கத்துல பட்டாள பைக்குக்கு முத்திரை பாத்துச் சொல்றவன் நான். இந்த பிக்வெல் பாத்தா போதும்னு லிங்கன்ஷயர் ஜில்லாவே சொல்லும். காலைலேர்ந்து நீங்க நாலாவது ஆளு. தபால்காரன் ஓட்டுன வண்டிக்குப் பச்சைப் பெயின்ட அப்பிட்டு, சண்டைக்குப் போன வண்டின்னு தள்ளிக்கிட்டு வந்துடறாங்க. ஒருத்தன் பெட்ரோல் டாங்க் மூடியில முத்திரையக் குத்திட்டு வந்தான். ஏன்டா அங்கன்னு கேட்டா, அவங்க தாத்தா பெரிய ஆபீசராம். ஆபீசர்னா மூடியில குத்துவாங்களாமா?

இதப் பாருங்க. மூணு கோடு, காக்காக் கால் மாதிரி. பட்டாளம் வண்டியச் சோதிச்சு வாங்கிக்கிட்டதுக்கு அடையாளம். எவ்வளவு நேரா, லட்சணமா இருக்கு பாத்தீங்களா? அங்கதான் குட்டு வெளிப்படுது. ஃபாக்டரில குத்தினவன் ஒரு நாளைக்கு நூறு எஞ்சினுக்குச் சுத்தியல ஓங்கினவன். ஒரு கால் ஆழமா இறங்கும், ஒரு கால் பட்டும் படாமலும் இருக்கும், மொத்தமும் கோணும். இப்படி மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் குத்துறவன் வீட்டு ஷெட்டுல உக்காந்திருக்கிறவன். அதுவும் பழைய கீறலுக்கு மேல குத்தியிருக்கு. முத்திரை முதல்ல, கீறல் அப்புறம்தானே வரணும்?

யாரு, உங்கப்பாவா? அவரு பொய்யே சொல்ல மாட்டாரா. எல்லார் வீட்டு அப்பனும் அப்படித்தாம்மா.

தெரியும், ஞாயித்துக்கெழமை ஊர்வலத்துக்குத்தானே. என் கையெழுத்து இல்லாம ஒரு வண்டியும் அதுல போவாது. ஓ, மார்ச்லயே தவறிட்டாரா? அவரு ஆசைக்கு ஒரு தடவை நீங்க ஓட்டிட்டுப் போகணும்னு. ம். கேள்விப்படல நான்.

இப்படி இந்த ஸ்டூல்ல உக்காருங்க. டீ வேண்டாமா? சரி.

உங்கப்பா ஸ்கெல்டன்தானே, எர்னஸ்ட் ஸ்கெல்டன்? நீங்க பேரே சொல்லலதான். சேசிஸ் நம்பர் எனக்கு மனப்பாடம். வேன்லேர்ந்து இறக்கும்போதே பாத்துட்டேன். இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி இந்தச் சோதனைக் கூடாரத்துக்குக் கொண்டு வந்தாரு. அன்னிக்கு இதுல முத்திரையே கிடையாது. டீ வரிசையில நின்ன அத்தனை பேருக்கும் கேக்குற மாதிரி நான் கேட்டேன், என்ன ஸ்கெல்டன், இது பட்டாளத்துக்குப் போச்சா, மீன் விக்கப் போச்சான்னு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும்தான். அவரு தொப்பிய மாட்டிக்கிட்டு வண்டியத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் இந்தப் பக்கமே தலை காட்டல.

இதக் குத்தினது அவருதான். நான் சிரிச்சதுக்குத்தான் குத்தியிருக்காரு. குத்தியும் கொண்டு வரல பாருங்க, கூச்சமா இருந்திருக்கும்.

அழாதீங்கம்மா, இன்னும் முடிக்கல. அன்னிக்கு ஜம்பமா, பட்டாளப் பட்டறைப் பதிவு ஆபீசுக்கும் எழுதிப் போட்டிருந்தேன், அவரு மூக்க இன்னும் நல்லா உடைக்கலாம்னு. ரெண்டு வாரத்துல பதில் வந்துச்சு. இதே நம்பர். சண்டை நடுவுல எஞ்சின் உடைஞ்சு, பட்டறையிலயே முத்திரை இல்லாத புது எஞ்சின் மாட்டியிருக்காங்க. வண்டி அசல். உங்கப்பா சொன்னது அத்தனையும் நிஜம். ஒரு கடுதாசி போட்டிருக்கலாம் நான். என் வாயால தப்புன்னு சொல்ல மனசு வரல, அவ்வளவுதான். அந்தக் காகிதம் எங்கிட்டதான் கிடக்கு, ஞாயித்துக்கெழமை கொண்டாரேன்.

பேனா இருக்கா? குடுங்க. வண்டி அசல், முத்திரை போலின்னு இந்தச் சோதனைப் பாரத்துல எழுதறேன். ஊர்வலத்துக்கு அது போதும். இந்தக் கட்டத்துல, போலி முத்திரை யாரால வந்ததுன்னு கேட்டிருக்கு. அங்க என் பேரப் போட்டுக்கறேன்.