தண்ணீரை நிறுத்தச் சொன்னவன்

பிளேன்டி நன்றாக இருக்கிறது, ஐயா, பால் இல்லாத தேநீர் இப்படித்தான் இருக்க வேண்டும். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறீர்கள். பதுளை பஸாரில் இத்தனை வருடமாகப் புடவைக்கடை வைத்திருக்கிறேன், இப்படி ஒன்று எங்கும் குடித்ததில்லை.

காட்டுப்பன்றிக்கு மின்சாரக் கம்பி கட்டுவது குற்றம். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

வெலிமடைப் பக்கம் எனக்கு உருளைக்கிழங்குக் காணி இருக்கிறது. காணி உறுதிப் பத்திரம் என் பெயரில். பாடுபட்டவன் அஜந்தன். மண்சரிவில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு புதைந்துபோய், மனைவி யசோதினியோடு நடுத்தெருவில் நின்றவனை அங்கே குடிவைத்ததே நான்தான். விளைச்சலில் பாதி அவனுக்கு. கிழங்குக்கு அரசாங்கம் கொடுக்கும் விலை மானியம் எனக்கு. அவன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

இந்த வருடம் விதியை மாற்றினார்கள். உறுதி வைத்திருப்பவனுக்கு இல்லையாம், மண்ணில் இறங்கிப் பயிர் செய்பவனுக்குத்தான் மானியமாம். வெள்ளிக்கிழமை அதிகாரி காணிக்கே வந்து விசாரிப்பார் என்றார்கள். பயிர் செய்வது நான்தான் என்று சொல்லிவிடும்படி அஜந்தனிடம் கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

"நீங்க செஞ்ச உதவிய மறக்க மாட்டேன் அண்ணே. ஆனா பொய் சொல்ல வராது. புள்ள பொறக்கப் போகுது, எனக்கும் ஒரு பிடிப்பு வேணும்ல."

மரியாதையாகத்தான் சொன்னான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கெஞ்சியிருந்தால் ஏதாவது கொடுத்திருப்பேன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாயும்போது கம்பிக்குக் கரண்ட் கொடுப்பவன் மேட்டில் நின்று கூவ வேண்டும். காணிக்குள் நிற்பவர்கள் பதில் குரல் கொடுத்து வெளியே வந்த பிறகுதான் சுவிட்சைத் தொடலாம். வியாழக்கிழமை, கம்பியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அஜந்தனைக் கீழே களை பிடுங்க அனுப்பினேன். அவன் பக்கத்தில், ஓடைக்கரையில்தான் பயிருக்குத் தண்ணீர் தெளிக்கும் மோட்டார். அதன் சுவிட்சும் மேட்டில்தான்; அதைப் போட்டுவிட்டேன். அந்தப் பழைய மோட்டார் ஓடினால் அருகில் நிற்பவனுக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

பிறகு, "கம்பி போடப் போறோம்" என்று கூவினேன். முறைப்படி கூவினேன், ஐயா. மேல்காணி ஹாஷிம் நானா கேட்டிருக்கிறார். கீழிருந்து பதில் வரவில்லை. சுவிட்சைப் போட்டேன்.

வேலை முடிந்து இருட்டில் மெல்ல வருவான் என்று நினைத்தேன். அவனோ உடனே கையை ஆட்டிக்கொண்டு மேட்டை நோக்கி ஓடி வந்தான். கம்பி முழங்காலில் பிடித்தது. உடல் வளைந்து துள்ளியது. இடுப்பில் கட்டியிருந்த சாரம் புகைந்து, சதை கருகும் வாடை மேடுவரை வந்தது. துள்ளிய வேகத்தில் கம்பியை விட்டுத் தெறித்து விழுந்தான்.

சாகவில்லை. கரண்டை நிறுத்திவிட்டு இறங்கினேன். என் கணுக்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"தண்ணிய நிப்பாட்டுங்க அண்ணே."

புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். மண்வெட்டியின் பின்பக்கத்தால் அவன் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு முறிந்தும் பிடியை விடவில்லை. விடும்வரை அடித்தேன். பிறகு அவனைக் கம்பிமேல் புரட்டிப் போட்டுவிட்டு, மேலே ஏறிப்போய் மறுபடி கரண்டைக் கொடுத்தேன். நெடுநேரம் கொடுத்தேன். அரைகுறையாய்க் கிடந்து அவன் கஷ்டப்படக் கூடாதல்லவா.

சவப்பெட்டி என் செலவுதான். சாவு வீட்டில் நான்தான் அதிகம் அழுதேன். யசோதினி அழாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி இருந்தாள். பிறகு எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"அந்நேரத்துல மோட்டாரப் போட்டது யாரு? கிழங்கு போடுறவங்க யாரும் பொழுது சாய தண்ணி விட மாட்டாங்க. விடிய விடிய எல ஈரமா கெடந்தா நோய் வந்து அத்தனையும் கருகிப் போயிரும். அத நிப்பாட்டத்தான் அவரு ஓடி வந்திருக்காரு."

ஹாஷிம் நானா என் பக்கம் திரும்பினார்.

எனக்கு அது தெரியாது, ஐயா. என் கிழங்கைக் காப்பாற்ற ஓடி வந்தவனைத்தான் கொன்றிருக்கிறேன். நான்தான் கொன்றேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் திருத்திவிடுங்கள். என் தொழில் புடவைக்கடை என்று போட்டிருக்கிறீர்கள். விவசாயி என்று போடுங்கள்.