அல்லி போட்ட கேள்விக்குறி

விழாவுக்குத் தலைமை ஏற்று, எங்களுக்காக வெற்றிலையையும் துறந்து வீற்றிருக்கும் பெருந்தகை சிதம்பரநாதன் அவர்களே! நெல்லிலும் சொல்லிலும் பதர் கலக்காத நெடுங்காட்டுப் பெரியோர்களே! நடவு முடித்த களைப்போடும் நாலு வார்த்தை கேட்க வந்திருக்கும் தாய்மார்களே! படிப்பகத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், அதன் செயலாளனாகிய என் பணிவான வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, ‘நம் வாழ்வை நாமே வகுப்போம்’. கேட்டதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது! சிரிக்காதீர்கள். நாம் கடைமடைக்காரர்கள். மேட்டூர் திறந்தாயிற்று என்று வானொலி சொல்லும், நம்புவோமா? கல்லணையைத் தாண்டியாயிற்று என்று பத்திரிகை எழுதும், நம்புவோமா? நம் வாய்க்காலில் கால் நனைந்தால்தான் நம்புவோம்!

அந்தக் கண்ணோடுதான் முத்தையன் மகள் அல்லியையும் பார்த்தேன். சென்னையில் ஏதோ ஒரு பதிப்பகமாம். அச்சேறும் பக்கங்களைத் தபாலில் அனுப்புவார்களாம். பிழை திருத்தித் தபாலிலேயே திருப்பினால் போதுமாம். எந்த ஊரில் இருந்தாலும் சரியாம்! இரண்டு மாதம் மதுரை, மூன்று மாதம் மைசூர் என்று அவள் புறப்பட்டாள். பக்கத்திலிருக்கும் பூவம் எல்லையைத் தாண்டினாலே அயல்நாடு என்று நினைக்கிற நமக்கு எப்படி இருக்கும்? வேலை என்றால் அலுவலகம் வேண்டாமா? அலுவலகம் என்றால் நாற்காலி வேண்டாமா? நாற்காலியை எட்டிப் பார்க்க ஓர் அதிகாரி வேண்டாமா?

சென்ற மார்கழியில் ஒரு சோதனை வைத்தேன். நம் பொங்கல் மலரின் அச்சுப்படியில், வேண்டுமென்றே நான்கு பிழைகளைப் புதைத்து மைசூருக்கு அனுப்பினேன். ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. நான்கும் பிடிபட்டிருந்தன. நான் புதைக்காத பதினொன்றும் பிடிபட்டிருந்தன! கைதட்டாதீர்கள், அவை என் சொந்தப் பிழைகள்.

அதோடு விட்டாளா? ‘படிப்பகத்தின் கதவு பெண்களுக்கு என்றும் திறந்திருக்கிறது’ என்று நான் எழுதிய வரிக்கு அருகே, சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி. கீழே ஒரு குறிப்பு: ‘ஐயா, இதே மலரின் கடைசிப் பக்கத்து உறுப்பினர் பட்டியலில் ஒரு பெண் பெயர்கூட இல்லையே. சரிபார்க்கவும்.’

சரிபார்த்தேனா? இல்லை! கேள்விக்குறியை அழித்தேன், வரியை அப்படியே அச்சிட்டேன். பொங்கலுக்கு அவள் வந்தபோது முத்தையனிடம், “காலம் கெட்டுக் கெடக்கு, இனிமே அனுப்பாதீங்க” என்றேன். அக்கறை என்றா நினைத்தீர்கள்? கோபம் ஐயா, கோபம்! வெட்கத்தோடு சொல்கிறேன்.

அவரும் அனுப்பவில்லை. ஒன்பது மாதம் ஓடிவிட்டது. நேற்று முத்தையன் வந்தார். “வீட்டுலேர்ந்தே வேலை பாக்குதுங்க. ஆனா யார்கிட்டயும் பேச மாட்டேங்குது. விழாவுக்கு மறுநாக் காலைல பஸ்ஸுக்குப் பொட்டி கட்டி வச்சிருக்கு. நீங்க மேடையில சரின்னு சொன்னாதாங்க அனுப்புவேன்.”

என்ன, தாய்மார்கள் பக்கமிருந்து பெரியநாயகி அம்மா ஏதோ கேட்கிறார்கள்? “நாங்க வந்தா சேத்துக்குவீங்களாங்க?” சரியான கேள்வி! இதோ மேசைமேல் உறுப்பினர் நோட்டு. கூட்டம் முடிந்ததும் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்.

முத்தையன் அவர்களே, அனுப்புங்கள்! என் சந்தேகம் தீர்ந்ததா? தீரவில்லை! அவள் ஏறும் பேருந்தைச் சந்தேகிக்கிறேன். தங்கும் விடுதியைச் சந்தேகிக்கிறேன். கண்ணால் காணாத அந்தப் பதிப்பகத்தைச் சந்தேகிக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, கேள்விக்குறியை அழித்த இந்தக் கையைச் சந்தேகிக்கிறேன்!

அல்லி, போய் வா அம்மா. எந்த ஊரில் இருந்தாலும் விழா மலரின் அச்சுப்படி உன்னைத் தேடி வரும். அதே வரி அதில் இருக்கும். கூடவே பட்டியலும் இருக்கும். சரிபார்.

பொறுமையோடு கேட்ட பெருமக்களே, நன்றி. நான் சொன்னதை அப்படியே நம்பிவிடாதீர்கள். நாளைக் காலையில் வந்து, கதவு திறந்திருக்கிறதா என்று தள்ளிப் பாருங்கள். வணக்கம்!