பூட்டை உடைத்தது தொடர்பாக அக்கா கூறியது

எனக்கு வயது முப்பத்தாறு. பேருந்துப் பணிமனைக்குப் பின்தெருவில் மாடிப் போர்ஷனில் குடியிருந்துகொண்டு, ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைக்கும் வேலை செய்து வருகிறேன். கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கும் என் தம்பி என்னுடன் இருக்கிறான். போதை மறுவாழ்வு இல்லத்தின் பூட்டை உடைத்து, அதன் வார்டனைத் தாக்கியதாக என்மீது வந்துள்ள புகார் பற்றிப் போலீசார் விசாரிக்க, நான் சொல்வதாவது:

என் தம்பி வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றும் பழக்கத்தில் விழுந்தான். கூட்டாளிகளோடு ஒரே ஊசியை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறான். விட வேண்டும் என்று அவனே அழுது கேட்டதால் அந்த இல்லத்தில் சேர்த்தேன். ஊசி குத்திய முழங்கையில் இருந்த வீக்கத்தைக் காட்டி, டாக்டரிடம் காட்டச் சொன்னேன். "கவலைய விடுங்கம்மா, புது ஆளா திருப்பித் தர்றோம்" என்றார் வார்டன்.

அதன் பிறகு நான் போனபோதெல்லாம் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார். சம்பவத்தன்று பிற்பகல் பின்பக்கமாகச் சென்று ஜன்னலில் பார்த்தேன். தம்பியைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். கை தோள்வரை வீங்கியிருந்தது. சீழ் நாற்றம் வெளியே வந்தது. காய்ச்சலில் என்னை "அம்மா" என்று கூப்பிட்டான். அம்மா இறந்துவிட்டார்.

அதன் பிறகு வார்டனிடம் கதவைத் திறக்கச் சொன்னதற்கு, "நடிக்கிறான்மா. ஊசிக்கு அலையறவன் எல்லாம் இப்படித்தான் டிராமா போடுவான். நாலு சாத்து சாத்துனா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். அங்கே கிடந்த இரும்புக் கம்பியால் பூட்டை உடைத்தேன். அவர் என் தலைமுடியைப் பிடித்து இழுத்ததால் தள்ளினேன். படியில் விழுந்து அவருக்குப் பல் உடைந்தது. அதன் பிறகு பையிலிருந்த நூல் வெட்டும் கத்தரியால் துணிக்கட்டை வெட்டி, தம்பியை ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றேன்.

அங்கே கையைக் கீறிச் சீழை எடுத்தார்கள். கிருமி ரத்தத்தில் கலந்து இதய வால்வு வரை போயிருப்பதாகவும், பகிர்ந்த ஊசியால் கல்லீரலிலும் தொற்று இருப்பதாகவும் டாக்டரம்மா சொன்னார். "இதெல்லாம் மருந்துல சரி பண்ணலாம். இத்தனை நாள் யார் பூட்டி வச்சது?" என்று என்னிடம் கத்தினார். அவர் கத்தியது நியாயம்.

அதன் பிறகு அதே மருத்துவமனையில், போதை ஏக்கத்தை அடக்க நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை கொடுத்து வருகிறார்கள். நடுவில் ஒருமுறை தம்பி மறுபடியும் ஊசி போட்டுவிட்டு, மறுநாள் தானே போய்ச் சொன்னான். யாரும் அவனை அடிக்கவில்லை. உட்காரவைத்துப் பேசினார்கள். இப்போது வேலைக்குப் போகிறான். அந்தக் கை முழுதாக மடங்காது.

நான் உடைத்த கதவு வழியாக இன்னும் மூன்று பேர் தப்பி ஓடியதாகப் புகாரில் உள்ளது. அவர்களில் ஒருவரை மருத்துவமனையில் தம்பியின் பக்கத்துப் படுக்கையில் பார்த்தேன். அவருக்கு முதுகெல்லாம் பிரம்புத் தழும்பு. அதை யாரும் புகாராக எழுதவில்லை.

பூட்டை உடைத்ததும் வார்டனைத் தள்ளியதும் நான்தான். இவ்வளவும் நடந்தது நடந்தபடி. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். கடைசியில் "செய்ததற்கு வருந்துகிறேன்" என்று ஒரு வரி இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. அதை அடிக்கச் சொல்லி, அடித்த பிறகு கையெழுத்திட்டேன்.