ஏழு மதகுப் பட்டணத்தில் இல்லாத அண்ணன்

எனக்கு சினிமா பிடிக்காது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது தப்பு. கொழிஞ்சாம்பாறைக் கொட்டகையில் புதுப்படம் வந்தால் முதல் வாரமே பார்த்துவிடுகிறவன் நான். நான் தமிழில் சொல்வதை நீங்கள் ஸ்டேஷன் நோட்டில் மலையாளத்தில் எழுதுகிறீர்கள், ரைட்டர் சார், அதனால் மெதுவாகவே சொல்கிறேன். எனக்கும் அதுதான் தொழில். இருபது வருடமாக இந்த வட்டாரத்துத் தமிழ்க் குடியானவர்களுக்கு மலையாளத்தில் மனு எழுதிக் கொடுக்கிறேன். ஒரு சொல் மாறினால் ஒருவனுடைய வரப்பு அடுத்தவன் பெயருக்குப் போய்விடும். என் கையால் அப்படி ஒரு சொல்லும் மாறியதில்லை, போன செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

பெயர் ஆறுமுகசாமி. வயது நாற்பத்திரண்டு. ஆறு வருடத்துக்கு முன்னால், அறுபத்தேழில், ‘ஏழு மதகுப் பட்டணம்’ என்று ஒரு மாயாஜால நாவல் எழுதினேன். ஆற்றுக்கு அடியில் ஒரு பட்டணம். அதற்கு ஏழு மதகு. முதல் மதகுக்குப் பேசும் எருமை காவல். ஆற்றுக்குத் துணி துவைக்கப் போன ஒரு பெண் அந்தப் பட்டணத்துக்கு ராணியாகிறாள். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக் கடையில்கூட அந்தப் புத்தகம் தொங்கியது.

அந்தப் பெண் என் தங்கை ராசம்மாள். ஐம்பத்தொன்றில், பதினாறு வயதில், எங்கள் ஆற்றில் போனவள். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது, மலையில் மழை. செம்மண் தண்ணீர் திடீரென்று வந்தது. உடல் கிடைக்கவில்லை. அம்மா கமலாத்தாள் அதற்குப் பிறகு பதினாறு வருடம் ஆற்றுப் பக்கமே போகாமல் இருந்தாள். நாவலை எழுதி முடித்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன், எழுத்துத் தெரியாதவள். கடைசி வரி வரைக்கும் கேட்டுவிட்டு, “அப்ப புள்ள அங்க நல்லாத்தான் இருக்கறா” என்றாள். அந்த வருடத்திலிருந்து ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றில் வளையல் விடப் போனாள். போய்த் திரும்பும்போது, கட்டிக்கொடுத்த மகளைப் பார்த்துவிட்டு வருகிறவள் மாதிரி இருப்பாள். அவளுக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதை ஒருவன் கெடுத்தான்.

டைரக்டர் சகாயம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மதராஸில் பதினைந்து வருடம் இருந்தவர். இந்தத் தை மாதம் ஆற்றில் தண்ணீர் வற்றியிருக்கும்போது படம் பிடிக்க வந்தார். நல்ல மனிதர். என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் ஊட்டில்தான் மத்தியானச் சாப்பாடு. மலையாளம் ஒரு வார்த்தை தெரியாது, அதனால் ஆபீஸ்காரர்கள் யார் வந்தாலும் நான்தான் நடுவில் நின்று பேசினேன்.

அவர் கதையில் நிறைய மாற்றினார். ஏழு மதகு மூன்றாகியது. போகட்டும் என்று விட்டேன். எருமை சொன்னபடி கேட்காது என்று குதிரை வைத்தார். அந்தக் குதிரையும் பேசவில்லை. சரி என்றேன். ராணி வேஷத்துக்கு ஏலப்பாறை எஸ்டேட்டிலிருந்து சிசிலி என்று ஒரு பெண்ணை அழைத்து வந்தார். பதினேழு வயதிருக்கும். என் நாவலில் ராணிக்குக் கன்னத்தில் மச்சம் கிடையாது, இவளுக்கு உண்டு. அதையும் பொறுத்துக்கொண்டேன். நான் பொறுமைக்காரன் என்பதை ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அவர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார். “அம்மா, கதையில ஒரு திருப்பம் வச்சிருக்கேன். அந்தப் புள்ளைக்கு ஒரு அண்ணன். அவன் கரையில நிக்கான். வெள்ளம் வாரது அவன் கண்ணுக்குத் தெரியுது. ஆனா வாயத் தொறக்க மாட்டேங்கான்.”

அம்மா சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “ஏனுங்க, அவன் ஏன் சத்தம் போடல?”

“பொறாமைம்மா. தங்கச்சியத்தான் எல்லாருக்கும் பிடிக்கும், அவன யாரும் சட்டை பண்ண மாட்டாங்க. அதான்.”

அம்மா என்னைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. எனக்குப் போட வந்த சோற்றைச் சட்டியிலேயே திரும்பப் போட்டுவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

ஒரு வரி. என் புத்தகத்தில் இல்லாத ஒரு ஆள். மதராஸில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே ஒருவன் யோசித்த திருப்பம், என் அம்மாவை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. எனக்கு ஆத்திரம் வந்தது, சார். மறுநாள் அவரிடம் போய், அந்த அண்ணனை எடுத்துவிடுங்கள் என்று இரண்டு முறை கேட்டேன். “படத்துக்கு உசிரே அவன்தான் அண்ணாச்சி” என்று என் தோளைத் தட்டினார். தட்டிய இடம் ராத்திரி வரைக்கும் உறுத்தியது.

செவ்வாய்க்கிழமை அந்தக் காட்சியைத்தான் எடுத்தார்கள். சிசிலி கரையோரத்துப் பாறைமேல் துணி துவைக்கிறாள். டைரக்டரும் கேமராக்காரரும் அவளுக்குப் பத்தடி தள்ளி, ஆற்று நடுவில் மணலில். மற்றவர்கள் எல்லோரும் அக்கரையில் புளியமரத்தடியில், சமையல் நடக்கும் இடத்தில். அண்ணன் வேஷக்காரனுக்கு இக்கரையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார். அவன் இன்னும் புளியமரத்தடியில் மீசை ஒட்டிக்கொண்டிருந்தான்.

பத்து மணி சுமாருக்கு அணைக்கட்டு வாட்சர் சைக்கிளில் வந்தார். அணையைத் திறக்கப் போகிறார்கள் என்று கரையிலிருந்தே என்னிடம் சொன்னார்: “பதினொன்னு மணிக்கு வெள்ளம் விடும், கேட்டோ. புழையில் ஆளு வேண்டா.”

மணலில் இருந்த டைரக்டரின் காதில் பாதி விழுந்தது. “என்ன அண்ணாச்சி, வெள்ளம்ங்காரு?”

“இங்க வெள்ளம்னா வெறும் தண்ணிதானுங்க,” என்றேன். “பதினொரு மணிக்குக் குடிக்கத் தண்ணி கொண்டாரேங்கறாருங்க.”

அவர் சிரித்தார். “நல்ல பாஷை போங்க. தாகத்துக்கு வெள்ளமா?” வாட்சரைப் பார்த்துக் கும்பிட்டார். ஆட்கள் கரை ஏறிவிடுவார்கள், நான் சொல்லிவிட்டேன் என்று மலையாளத்தில் வாட்சருக்குச் சொன்னேன். அவரும் திருப்தியாகச் சைக்கிளை எடுத்தார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை, அவரை இதில் இழுக்க வேண்டாம். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்தான், நான் சொன்ன சொல் பொய்யில்லை. டைரக்டர் என் கதையில் ஒரு ஆளைச் சேர்த்தார். நான் வாட்சர் பேச்சில் குடிப்பதைச் சேர்த்தேன். அவ்வளவுதான் மாற்றம்.

பதினொன்றே காலுக்கு வளைவில் சத்தம் கேட்டது. நான் கரையில் நின்றிருந்தேன். டைரக்டர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, “அண்ணாச்சி, பிரேமுக்குள்ள நிக்கீங்க, தள்ளுங்க” என்று கத்தினார். குனிந்து பார்த்தேன். சுண்ணாம்பு வட்டத்துக்குள்தான் நின்றிருந்தேன். எப்போது அங்கே வந்தேன் என்று தெரியவில்லை. கேமரா கிடைத்தால் அந்த ரீலைக் கழுவிப் பாருங்கள், நான் சொல்வதற்கு அதுவே சாட்சி.

டைரக்டரைக் கொல்ல வேண்டும் என்றுதான் செய்தேன். கேமராக்காரர் கூட இருந்தார், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. சிசிலியைக் கூப்பிட்டிருக்கலாம். பாறை கரைக்குப் பக்கம், அவளுக்கு நேரம் இருந்தது. ஆனால் அவளைக் கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்த்திருப்பார். மூன்று பேர் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று நீங்கள் ஐம்பத்தொன்றைப் பற்றிக் கேட்டீர்கள். அம்மா ஸ்டேஷனுக்கு வந்து ஏதோ சொல்லியிருக்கிறாள் என்று தெரிகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. அப்போதே அந்தக் கதையை நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்திருந்தேன். ராசம்மாள் அதைத் திருடிப் படித்து அம்மாவுக்கும் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் சொல்வாள். சொல்லும்போது மாற்றுவாள். எருமையைப் பேச வைத்தவள் அவள்தான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் வாசித்தபோது ஒருவரும் சிரித்ததில்லை. அன்றைக்கு அவள் பாறைமேல் தனியாகத் துணி துவைத்துக்கொண்டே கதையை உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள், முடிவை மாற்றி. நான் கரையில் நின்றிருந்தேன். வளைவில் சிவப்பாகத் தண்ணீர் திரும்புவது தெரிந்தது. அவள் சொன்ன முடிவு என்னுடையதைவிட நன்றாக இருந்தது. முடிக்கட்டும் என்று நின்றேன்.

சகாயம் எழுதிய அண்ணன் பொறாமையால் வாயைத் திறக்காமல் நின்றான். நான் கதை கேட்டுக்கொண்டு நின்றேன். இந்த வித்தியாசத்தை மட்டும் மலையாளத்தில் மாற்றாமல் எழுதிவிடுங்கள், சார்.