தாமரைக்கு அடியில

இல்ல மேடம், பத்து மணிக்குத்தான் ஹாலத் தொறக்கணும்னு சார் சொல்லியிருக்காரு. அதுவரைக்கும் இந்த நாற்காலியில இருங்கோ. படம் வாங்க மெட்ராஸ்ல இருந்து வந்தியளா? நடுவுல மாட்டியிருக்க பெரிய அம்மன் படமா? செரிதான். அந்த மூஞ்சி என்னுதுதான். இப்படி உத்துப் பாக்காதிங்கோ, சிரிப்பு வருது.

நான் இங்க தூத்துத் தொடைக்கவ, அபிதா. பிள்ளைக்கு எட்டு மாசம். ஒருநாள் மேல துண்டப் போட்டு பால் குடுத்திட்டு இருந்தேன். படம் வரையுத தாணுமாலயன் சார் வந்து, அபிதா, மூஞ்சிய மட்டும் வரைஞ்சிக்கிடட்டா, அம்மனுக்குன்னாரு. அம்மனுக்குன்னா மாட்டேன்னு எப்படிச் சொல்ல? ஒரு வாரம் இருந்து குடுத்தேன். முதல்ல பிள்ளையையும் வரைஞ்சாரு பாத்துக்கிடுங்க, மடியில கிடந்து கால ஆட்டுகது மாதிரி. அப்படியே என் பிள்ள. கொள்ளாம், நல்லாருக்குன்னு சந்தோசமாப் போனேன்.

முந்தாநாள் மாட்டும்போ பாக்கேன், துண்டக் காணல்ல. ஜாக்கெட்டும் இல்ல. பால் கட்டின நெஞ்ச அப்படியே வச்சிருக்காரு, குடிக்க பிள்ள மட்டும் இல்ல. மடியில ஒரு தாமரப்பூ. என் பிள்ள எங்கன்னு கேட்டா, பிள்ளைக்கு மேலதான் பூவ வரைஞ்சேன், பிள்ள இருந்தா சாதாரணப் பொம்பள மாதிரி தெரியும், இது பெண்மையோட சக்தின்னாரு. சவம். என் மாப்பிள்ள மஸ்கட்ல இருக்காரு. சார் இதப் போஸ்டராக்கி மார்த்தாண்டம் ஜங்ஷன்ல ஒட்டப் போறாராம். பிறகு நான் மீன் வாங்கப் போனா எவன் கண்ணாவது என் மூஞ்சியில நிக்குமா? மூஞ்சியயாவது மாத்துங்கன்னேன். அதுதான் படமேன்னு சிரிக்காரு.

வேண்டாம் மேடம், நீங்க அவருகிட்ட பேச வேண்டாம்.

பெயிண்ட் இன்னும் காயல்லன்னு அவருதான் சொன்னாரு. அப்ப பூவுக்கு அடியில பிள்ள இருக்கும்லா? காலையில தரையத் தொடைச்சிட்டு, அவரு பிரஷ் கழுவ வச்சிருந்த தின்னர்ல துணிய முக்கி பையத் தேச்சுப் பாத்தேன். ஒரு கால் தெரிஞ்சுது. ஆசையில இன்னும் ரெண்டு தேய் தேச்சிட்டேன். அதுவும் கரைஞ்சு போச்சு. பிறகு கழுத்துக்குக் கீழ ஒண்ணையும் விடல்ல.

மூஞ்சியத் தொடல்ல. அதுக்குக் கீழ இப்ப செம்மண்ணக் குமிச்ச மாதிரி நிக்கு. நீங்க மண்டைக்காட்டு அம்மையப் பாத்திருக்கியளா? அவளுக்குக் கையும் இடுப்பும் ஏது, மூஞ்சிக்குக் கீழ வெறும் மண்புத்துலா.

வாங்கோ, சாவி இந்தா இருக்கு.